கொண்டாப்பூர்ப் பாறையும் விகாராபாத்துக் கரிசலும்

நம் சங்கத்து அன்பர்களுள் கொண்டாப்பூருக்கு வந்து போகாதவர் மிகச் சிலரே இருக்கக்கூடும். வந்தவர் எல்லோரும் இங்குள்ள உயர்ந்த கட்டடங்களைப் பற்றியும், கண்ணாடிச் சுவர் வைத்த கம்பெனி அலுவலகங்களைப் பற்றியும், வீட்டு வாடகையைப் பற்றியும் பேசுவார்கள். ஆனால் காலி மனைகளிலும் தெருத் திருப்பங்களிலும் யானைக் கூட்டம் படுத்திருப்பது போலக் கிடக்கின்றனவே பாறைகள், அவற்றைப் பற்றிப் பேசியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. தெலுங்கில் 'கொண்ட' என்றால் குன்று. ஊருக்குப் பெயரே குன்றிலிருந்து வந்திருக்க, குடியிருக்கும் நாம் அதனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நானும் ஏழாண்டுக் காலம் அப்படித்தான் இருந்தேன். பார்க்க வைத்தவர்கள் இருவர்: ஒருவர் என் தந்தையார், மற்றொருவர் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள்.

எங்கள் சொந்த ஊர் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். அங்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. என் தாயார் காலமான பிறகு தந்தையாரைத் தனியே விட்டுவைக்க மனம் இல்லாமல் இங்கு அழைத்து வந்தேன். நிலத்தை விற்று, இங்கே ஒரு சிறு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். ரயில்வே எழுத்தர் வேலையில் வரும் சம்பளத்தை மட்டும் நம்பி இந்த ஊரில் வீடு வாங்க இயலாது என்பதை அன்பர்கள் அறிவீர்கள். பத்திரம் அப்பா பெயரில் இருந்தது. கையெழுத்துக் கேட்ட நாள் தொட்டு வீட்டில் பேச்சுக் குறைந்தது. அவர் காலையும் மாலையும் மாடியில் நின்று, பின்புறத்துப் பாறையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள், பள்ளியில் எரிமலை மாதிரி ஒன்று களிமண்ணில் செய்துவரச் சொன்னார்கள் என்று மகள் வந்து நின்றாள். "தாத்தா, நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கிற பாறை எரிமலையா?" என்று கேட்டாள்.

"என்ன மலையோ தாயி, புல்லுகூட முளைக்காத மலை" என்றார் அப்பா.

எனக்கும் விடை தெரியவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆயினும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, பிறகு தேடித் தெரிந்துகொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நூல் நிலையத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பூகர்ப்ப சாஸ்திரப் புத்தகங்களைப் புரட்டினேன். நான் தெரிந்துகொண்டதையும், பின்னர் நாங்கள் மூவரும் ரயிலேறிச் சென்று கண்டதையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எரிமலை எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். பூமியின் உள்ளே முழுவதும் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அது சரியன்று. நாம் நிற்கும் மேலோட்டின் கீழே, இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் கிடப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறையே. அது மிகுந்த வெப்பத்தில் இருக்கிறது. எனினும் மேலே உள்ள பாரம் அதனை அமுக்கிக்கொண்டிருப்பதால் உருகுவதில்லை. பாரம் குறைகிற இடத்திலோ, நீர் கலக்கிற இடத்திலோ அதில் ஒரு பகுதி உருகிக் குழம்பாகிறது. சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்ததாகையால் அந்தக் குழம்பு மேலே ஏறுகிறது. மேலே வந்து பூமியைப் பிளந்துகொண்டு வெளிப்பட்டால் அந்த இடத்துக்கு எரிமலை என்று பெயர்.

பூமியின் ஓடு ஒரே துண்டாக இல்லை. பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகள் விலகுமிடத்தில் குழம்பு வெளிப்படும்; ஐஸ்லாந்து தீவு அத்தகையது. ஒரு தட்டு மற்றொன்றின் கீழே புகுமிடத்தில், கடல்நீரில் ஊறிய பாறை ஆழத்தில் இறங்கி, தன் நீரை விட்டு, மேலுள்ள பாறையை உருகச் செய்யும். இந்தோனேசியாவின் எரிமலைகள் இந்த வகை. நம் அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவும் இதே வகைதான். இன்று இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. 1787-இல் அது கனன்றது குறித்துவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு நெடுங்காலம் உறங்கி, 1991-இல் மறுபடி விழித்தது. 2025 செப்டம்பரிலும் புகைந்தது. மூன்றாவது வகை, தட்டின் ஓரத்தில் அல்லாமல் நடுவிலேயே, அடியிலிருந்து வெப்பம் எழும்பி வரும் இடங்கள். ஹவாய்த் தீவுகள் இதற்கு எடுத்துக்காட்டு. இந்த மூன்றாவது வகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் தக்காணத்தின் கதை அதில்தான் இருக்கிறது.

சில எரிமலைகள் வெடிக்கின்றன; சில வழிகின்றன. ஏன் என்று மகள் கேட்டபோது நான் கோலி சோடாவைச் சொன்னேன். குழம்பினுள் நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுவும் கரைந்திருக்கும். மேலே வர வர அமுக்கம் குறைந்து அவை நுரைத்துக்கொண்டு கிளம்பும். குழம்பு ரசம்போல இளகியிருந்தால் வாயு எளிதில் தப்பிவிடும். குழம்பும் அமைதியாக வழிந்தோடும். கூழ்போல இறுகியிருந்தால் வாயு உள்ளே அடைபட்டு, முடிவில் மலையையே தகர்த்துக்கொண்டு வெளிவரும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா இவ்வாறு வெடித்தபோது முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் அதனால் எழுந்த கடல் அலையில் மாண்டவர்கள். அந்த ஓசை ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் தொலைவில், மொரீஷியஸுக்குக் கிழக்கேயுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. அதற்கும் மிகப் பெரியது, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவில் தோபா வெடித்தது. அதன் சாம்பல் காற்றில் வந்து, ஆந்திராவில் கர்னூல் வட்டாரத்து ஜ்வாலாபுரம் என்னும் ஊரில் படிந்து இன்றும் கிடக்கிறது. அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஆதிமனிதரின் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன.

இனி எங்கள் வீட்டுப் பாறைக்கு வருவோம். அது எரிமலை அன்று. ஆனால் எரிமலைக்கு உறவு. அதுவும் ஒரு காலத்தில் உருகிய குழம்பே. ஆனால் வெளியே வராமல் பூமியின் ஆழத்திலேயே தங்கி, மிக மெதுவாக ஆறி, கெட்டிப்பட்டது. மெதுவாக ஆறியதால் அதில் மணிகள் பெரிதாக விளைந்திருக்கின்றன. வெள்ளையும் ரோஜா நிறமும் கறுப்புமாகக் கண்ணுக்கே தெரியும். இதுதான் கிரானைட். ஹைதராபாத்தின் கிரானைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன்மேல் கிடந்த நிலம் முழுவதையும் மழையும் காற்றும் அரித்துக் கரைத்துக்கொண்டு போன பின்னரே அது வெளிச்சத்தைக் கண்டது. வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி மூலைகளைத் தின்றதால், சதுரமாக இருந்தவை உருண்டையாகி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல நிற்கின்றன. கோல்கொண்டாக் கோட்டை நிற்பது இத்தகைய குன்றின்மேல்தான்.

"அப்படின்னா எரிமலைக் கல்லை எங்கே பார்க்கலாம்?" என்றாள் மகள். வெகு தொலைவு போக வேண்டியதில்லை. லிங்கம்பள்ளி நிலையத்தில் வாடி மார்க்கத்து வண்டியேறினால் விகாராபாத்தில் பார்க்கலாம். செகந்தராபாத்திலிருந்து வாடிக்குப் போகும் இந்தப் பாதை 1874-இல் நிஜாம் காலத்தில் போடப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வர மாட்டேன் என்ற அப்பாவையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டோம்.

வண்டி லிங்கம்பள்ளியை விட்டதும் இருபுறமும் பாறைக் குன்றுகளும் செம்மண்ணுமாக இருந்தது. சங்கரப்பள்ளிப் பக்கம் போகப் போகக் காட்சி மெல்ல மாறியது. உருண்டைப் பாறைகள் குறைந்தன. நிலம் சமமாக விரிந்தது. மண்ணின் நிறம் பழுப்பாகிக் கறுத்தது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "ஏலே, இது கரிசல்லா!" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் குரலில் அத்தனை வேகத்தை நான் கேட்டது அன்றுதான்.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய மகாராஷ்டிரத்தை நடுவாகக் கொண்டு, பூமி நீண்ட பிளவுகளாக வாய் திறந்தது. நாம் படத்தில் பார்க்கும் கூம்பு மலை அங்கே இல்லை. பிளவுகளின் வழியே, ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், இளகிய குழம்பு ஏரி உடைத்தாற்போலப் பெருகி நாலாபக்கமும் ஓடியது. ஓடி ஆறிய பிறகு அதன்மேல் மற்றொரு வெள்ளம், அதன்மேல் இன்னொன்று. நடுவில் ஓய்ந்திருந்த காலங்களில் மண் உண்டாயிற்று, குளங்கள் தேங்கின, நத்தைகள் வாழ்ந்தன. அடுத்த வெள்ளம் வந்து அவற்றை மூடியது. அந்த நத்தை ஓடுகள் இன்று கல்லாகக் கிடைக்கின்றன. சில குழம்பு ஓட்டங்கள் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி வரை சென்றன.

இவ்வாறு அடுக்கடுக்காகப் படிந்த கற்பரப்பு இன்றும் ஏறக்குறைய ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அதன் கனம் இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல். கிழக்கே வர வர மெலிந்து, தெலங்கானாவின் மேற்கு ஓரத்தில், நாங்கள் சென்ற விகாராபாத் பக்கத்தில், முடிகிறது. மலைச் சரிவுகள் படிக்கட்டுகள் போலத் தோன்றுவதால், படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லிலிருந்து இதற்கு 'டெக்கான் டிராப்' என்று பெயர் வந்தது. அந்தக் கல்லின் பெயர் பசால்ட். தமிழில் நாம் கிரானைட் வகைகளையே கருங்கல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் கறுப்பாக இருப்பது இந்தக் கல்தான். எல்லோராவில் கைலாசநாதர் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்தது இந்தக் கல்லில். அஜந்தாக் குகைகளும் இதிலேதான். பம்பாயிலிருந்து புனாவுக்குப் போகும் ரயில் பாதை 1863-இல் போர்க் கணவாயில் ஏறியதும் இதைக் குடைந்துதான். மகாராஷ்டிரத்திலேயே உள்ள லோணார் ஏரியை எரிமலை வாய் என்று சிலர் சொல்வர்; அது தவறு. அந்தப் பள்ளம் விண்கல் விழுந்து உண்டானது.

அத்தனை குழம்போடு வெளிப்பட்ட வாயுக்கள் உலகத்தின் காற்றையே கெடுத்திருக்க வேண்டும். டைனசோர்கள் என்னும் பேருயிர்கள் அழிந்ததும் அதே காலத்தில்தான். மெக்சிகோ நாட்டில் சிக்சுலுப் என்னுமிடத்தில் பெரும் விண்கல் ஒன்று விழுந்ததும் அப்போதே. அழிவில் விண்கல்லின் பங்கு எவ்வளவு, தக்காண எரிமலையின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் அரியலூர்ப் பகுதி அந்த யுகத்தில் கடலடியில் இருந்தது. அங்கே தோண்டும் சுண்ணாம்புக் கல்லில் கடலுயிர்களின் உருவங்கள் கிடைப்பது அதனால்தான்.

விகாராபாத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து அனந்தகிரி மலைக்குச் சென்றோம். காடு சூழ்ந்த குன்று. ஹைதராபாத்தின் நடுவே ஓடும் மூசி ஆறு பிறப்பது இங்கேதான். அனந்த பத்மநாப சுவாமியைத் தரிசித்துவிட்டு, சாலையோர வெட்டுகளைப் பார்த்தோம். மேலே செம்புறைக்கல், கீழே இறங்க இறங்கக் கறுத்த கல். அந்தக் கறுப்புக் கல்லே பன்னெடுங்கால மழையில் ஊறி, கரையக்கூடியவை கரைந்து போக, இரும்புச் சத்து மட்டும் தங்கிச் செம்புறைக்கல்லாக மாறியது. மகள் உதிர்ந்து கிடந்த ஒரு கறுப்புக் கல்லை எடுத்துப் பார்த்தாள். விரைவில் ஆறிய கல்லாதலால் அதில் மணிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சிறு சிறு துளைகள் இருந்தன. வாயுக் குமிழிகள் இருந்த இடங்கள் அவை. "இட்லியில இருக்கிற மாதிரி" என்றாள். அதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பருத்திக் கொல்லையருகே அப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். கொல்லைக்காரரிடம் கையால் சாடை காட்டி அனுமதி கேட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டினார். அவருக்குத் தெலுங்கு தெரியாது. அந்த விவசாயிக்குத் தமிழ் தெரியாது. "பருத்தி" என்றார் இவர். "பத்தி" என்றார் அவர். "கரிசல்" என்றார் இவர். "நல்ல ரேகடி" என்றார் அவர். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. ஆங்கிலப் புத்தகங்களில் கரிசலுக்கு வழங்கும் 'ரேகர்' என்ற பெயர் இந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து போனதே. கோடையில் வெடிப்பதையும், மழையில் காலைப் பிடிப்பதையும், ஈரத்தை மாதக்கணக்கில் வைத்திருப்பதையும் இருவரும் கைகளாலேயே பேசி முடித்தார்கள். பக்கத்துத் தாண்டூரின் துவரைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

இங்கே ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கோவில்பட்டிக் கரிசலும் எரிமலை தந்ததுதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அது உண்மையன்று. தமிழ்நாட்டுக் கரிசலில் பெரும்பகுதி அங்குள்ள பழம்பாறைகளே சிதைந்து உண்டானது. இரண்டு மண்ணுக்கும் நிறம் ஒன்று, குணம் ஒன்று, தாய் வேறு. இதை ரயிலில் சொன்னபோது அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாய் வேறயா இருந்தா என்ன, விளைச்சல் ஒண்ணுதானே" என்றார்.

அந்தப் பெரும் வெப்பம் பிறகு என்னவாயிற்று என்று மகள் கேட்டாள். அது அணையவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அது இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தியா அதன்மேல் நகர்ந்து வடக்கே வந்துவிட்டது. வழியெங்கும் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ் என்று அதன் தடங்கள் கடலில் கிடக்கின்றன. இப்போது அது ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது. அங்கே 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலை அடிக்கடி குழம்பு கக்குகிறது. 1977-இல் அதன் குழம்பு ஓர் ஊருக்குள் புகுந்து, தேவாலய வாசல்வரை வந்து, இருபுறமும் பிரிந்து ஓடிற்று.

அந்த ரீயூனியனில் இருப்பவர்களில் நம்மவரும் உண்டு. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்தும் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் மொழியை இழந்துவிட்டார்கள். எனினும் கோயில் கட்டித் தீமிதி நடத்துகிறார்கள். தக்காணத்தை உண்டாக்கிய அதே அனலின்மேல் அவர்கள் குடியிருக்கிறார்கள். அது முன்பு கக்கிப்போன கல்லின் ஓரத்தில் நாம் குடியிருக்கிறோம்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அப்பா என்னைக் கூப்பிட்டார். பத்திரத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று எனக்குத் தெரியும். "நிலத்தை விக்க வேண்டாம்யா. புரட்டாசியில நான் போய் விதைச்சிட்டு, தையில அறுத்துட்டு வாரேன். கோடைக்கு இங்க இருந்துக்கிடுதேன். இம்மாம் பெரிய தேசமே நகண்டு வந்திருக்குன்னு சொல்லுதே, நான் நகண்டா என்ன குறைஞ்சு போகும்?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டு முன்பணக் கனவு அன்றோடு கலைந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய்யாகும். இரண்டு நாள் யோசித்து, தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புரட்டாசி முதல் வாரம் அப்பாவை ரயிலேற்றிவிட்டு வந்தேன். போகும்போது அவர் மடியில், காகிதத்தில் பொதிந்த ஒரு பிடி விகாராபாத் மண் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் இப்போது வெடி வைக்கச் சுண்ணாம்பால் குறியிட்டிருக்கிறார்கள். 250 கோடி ஆண்டு இருந்தது ஒரு வாரத்தில் ஜல்லியாகும். மகள் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள். அன்பர்களும் உங்கள் தெருவில் மிச்சமிருக்கும் பாறையைக் குழந்தைகளுக்கு ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விகாராபாத்துக்கு வண்டியேறுங்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் போவது நல்லது. குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டுபோங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரை மறவாமல் அழைத்துச் செல்லுங்கள். சன்னலோர இடத்தை அவருக்கே கொடுங்கள்.